இன்டர்நெட்டில் அரசு மானியம் தேடுவது எப்படி?

2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னையில் என் அறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து அத்தை போன் செய்தார்.

"மருமகனே, ஒரு நாலாயிரத்து எண்ணூறு ரூபா அனுப்பி விடுறியா? ரெண்டே நாள்ல குடுத்துடுறேன்."

அத்தை யாரிடமும் கடன் கேட்பவர் அல்ல. என்ன விஷயம் என்று கேட்டேன்.

"கவர்மென்ட்ல இருந்து பத்து லட்சம் மானியம் சேங்ஷன் ஆயிருக்குப்பா. லெட்டரே வாட்ஸ்அப்ல வந்திருச்சு. பைல் சார்ஜ் மட்டும் கட்டினா நாளைக்கே அக்கவுண்ட்ல ஏறிடுமாம்."

அந்த லெட்டரை எனக்கு அனுப்பச் சொன்னேன். சிங்க முத்திரை, பிரதமர் படம், வட்ட வடிவ சீல், பச்சை மையில் கையெழுத்து என எல்லாம் இருந்தது. அத்தையின் பெயர் கூடப் பிழையில்லாமல் இருந்தது. ஆனால் பணம் கட்டச் சொன்ன வங்கிக் கணக்கு ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது. எந்த அரசு அலுவலகமும் தனிநபர் கணக்கில் கட்டணம் வாங்குவதில்லை.

"அத்தை, ஒரு பைசா அனுப்பாதீங்க. சனிக்கிழமை நானே வர்றேன்" என்று சொல்லி வைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் அருப்புக்கோட்டை பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தில், அத்தை மகன் கல்லூரிப் படிப்புக்காகப் புதிதாக வாங்கியிருந்த கம்ப்யூட்டரின் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அங்கே கற்றதையும் கற்றுக்கொடுத்ததையும்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். தொழில் தொடங்க நினைப்பவர்கள், அறக்கட்டளை அல்லது சங்கம் நடத்துபவர்கள் என இருவருக்கும் இது பயன்படும்.

எங்கே தவறு நடந்தது?

அத்தைக்கு மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்க ஆசை. பல வருடமாக வேறொருவர் செக்கில் கூலி கொடுத்து ஆட்டி, கேனில் வாங்கி, தெருவில் அக்கம்பக்கத்தாருக்கு விற்று வந்தார். சொந்தமாக இயந்திரம் வாங்க மானியம் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்த மறுநாளே மகன் தேடல் பெட்டியில் "மானியக் கடன்" என்று டைப் செய்திருக்கிறான். முதலாவதாக வந்த இணையதளத்தைத் திறந்து அம்மாவின் பெயர், போன் நம்பர், ஆதார் நம்பர், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டான். நான்காவது நாள் போன் வந்துவிட்டது.

நேரில் போன பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. "ரிஜிஸ்ட்ரேஷன்" என்று சொல்லி 1,200 ரூபாயை ஏற்கெனவே வாங்கியிருந்தார்கள். அதை அத்தை போனில் சொல்லவில்லை. வெட்கம்.

தேடலில் முதலில் வருவது சிறந்ததாகத்தான் இருக்கும் என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. தேடல் முடிவுகளில் மேலே வரும் சில இணைப்புகள் பணம் கொடுத்துப் போடப்படும் விளம்பரங்கள். அவற்றின் அருகில் ஸ்பான்சர்ட் என்று சிறிய எழுத்தில் இருக்கும். அரசுத் திட்டங்களைத் தேடும்போது அந்த இணைப்புகளைத் தாண்டிக் கீழே வாருங்கள்.

முகவரியை வலமிருந்து படியுங்கள்

ஒரு இணையதளம் அரசினுடையதா, இல்லையா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. பிரவுசரின் மேலே உள்ள முகவரிப் பட்டையைப் பாருங்கள். தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோடுகளை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை உள்ள பகுதிதான் அந்தத் தளத்தின் பெயர். அந்தப் பெயரைக் கடைசியிலிருந்து, அதாவது வலமிருந்து இடமாகப் படியுங்கள்.

இந்திய அரசு, மாநில அரசுத் தளங்கள் பெரும்பாலும் "கவ் டாட் இன்" அல்லது "நிக் டாட் இன்" என்று முடியும். தமிழக அரசுத் தளங்களில் அதற்கு முன்னால் "டிஎன்" என்று இருக்கும். இந்த முடிவுப் பெயர்களை அரசு அமைப்புகள் மட்டுமே பெற முடியும். காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கக் கூடியவை "டாட் காம்", "டாட் ஆர்க்" போன்றவை.

ஏமாற்றுபவர்கள் இந்த இடத்தில்தான் விளையாடுவார்கள். பெயரின் நடுவில் "கவ்-இன்" என்று சிறு கோடு போட்டு எழுதி, கடைசியில் "டாட் காம்" என்று முடிப்பார்கள். அவசரத்தில் பார்த்தால் அரசுத் தளம் போலவே தெரியும். கடைசியில் என்ன இருக்கிறது என்பதே கணக்கு.

முகவரியின் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்றும் நினைக்க வேண்டாம். நீங்கள் அனுப்பும் தகவல் வழியில் யாருக்கும் தெரியாது என்பது மட்டுமே அதன் பொருள். தகவலைப் பெறுபவர் யோக்கியரா என்பதைப் பூட்டு சொல்லாது. மோசடித் தளங்களும் பூட்டு வைத்திருக்கின்றன. அத்தை மகன் நிரப்பிய தளத்திலும் பூட்டு இருந்தது.

தேடும்போதே வடிகட்டுங்கள்

கூகுள் போன்ற தேடுபொறிகளில் அரசுத் தளங்களை மட்டும் காட்டச் சொல்ல முடியும்.

1. தேடல் பெட்டியில் திட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்.

2. ஒரு இடைவெளி விடுங்கள்.

3. "சைட்" என்ற ஆங்கிலச் சொல்லை டைப் செய்து, அதை ஒட்டியே முக்காற்புள்ளி வையுங்கள். இடைவெளி கூடாது.

4. அதை ஒட்டியே "கவ் டாட் இன்" என்பதைப் புள்ளியோடு ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் கீயை அழுத்துங்கள்.

இப்போது வரும் முடிவுகளில் விளம்பரங்கள் தவிர மற்றவை எல்லாம் அரசுத் தளங்களாகவே இருக்கும்.

திட்டத்தின் முழு விதிமுறையும் பெரும்பாலும் பிடிஎப் பைலாகவே கிடைக்கும். அதைத் தேட, மேலே சொன்ன வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு "பைல்டைப்" என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் டைப் செய்து, முக்காற்புள்ளி வைத்து, "பிடிஎப்" என்று சேர்த்துவிடுங்கள்.

திட்டத்தின் பெயரே தெரியாவிட்டால்? அதற்கும் வழி உண்டு. 2022 ஜூலையில் மத்திய அரசு "மைஸ்கீம்" என்ற இணையதளத்தைத் தொடங்கியது. உங்கள் வயது, ஆணா பெண்ணா, எந்த மாநிலம், கிராமமா நகரமா, எந்தப் பிரிவு போன்ற கேள்விகளைக் கேட்கும். பதில்களைக் கிளிக் செய்துகொண்டே போனால், உங்களுக்குப் பொருந்தக் கூடிய மத்திய, மாநிலத் திட்டங்களைப் பட்டியலிட்டுக் காட்டும். அதே 2022இல் தொடங்கப்பட்ட "ஜன்சமர்த்" தளம் அரசுத் திட்டங்களோடு இணைந்த வங்கிக் கடன்களுக்கானது. தமிழக அரசின் குறு, சிறு தொழில் துறைக்கும் தனி இணையதளம் இருக்கிறது.

மானியம் என்றால் கையில் பணமா?

அத்தையிடம் விளக்க எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த விஷயம்தான். மானியம் என்ற ஒரே சொல்லை மூன்று வேறு பொருள்களில் பயன்படுத்துகிறோம்.

ஒன்று, நேரடி நிதி உதவி. திருப்பித் தர வேண்டியதில்லை. இது பெரும்பாலும் பதிவு செய்த தொண்டு நிறுவனங்கள், ஆராய்ச்சி செய்பவர்கள், புதிய தொழில்நுட்பத்தோடு வரும் புத்தொழில் நிறுவனங்கள் போன்றவற்றுக்குக் கிடைப்பது. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு நடத்தும் டான்சீட் திட்டம் புத்தொழில்களுக்கானது.

இரண்டு, கடனோடு சேர்ந்த மூலதன மானியம். வங்கி கடன் தர வேண்டும். அந்தக் கடனில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்ளும். செக்கு, மாவு மில், தையலகம் போன்ற சிறு தொழில்களுக்குக் கிடைப்பது அநேகமாக இந்த வகைதான்.

மூன்று, வட்டி மானியம். வட்டியில் சில சதவீதத்தை அரசு கட்டும்.

ஆகவே, "வங்கிக்கே போக வேண்டாம், பத்து லட்சம் நேராக உங்கள் கணக்கில் ஏறிவிடும்" என்று ஒருவர் சொன்னால், அந்த வார்த்தையிலேயே அவர் யார் என்று தெரிந்துகொள்ளலாம்.

அத்தைக்குப் பொருந்திய திட்டம்

தேடிப் பார்த்ததில் அத்தைக்குப் பொருந்தி வந்தது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். பிஎம்இஜிபி என்பார்கள். 2008இல் தொடங்கப்பட்டது. காதி மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையம் இதை நாடு முழுவதும் நடத்துகிறது. மாவட்ட அளவில் நாம் போய்ப் பார்க்க வேண்டிய இடங்களில் முக்கியமானது மாவட்டத் தொழில் மையம்.

2022இல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகளில் இருப்பது இதுதான்: உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். பொதுப் பிரிவினருக்கு மானியம் நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம். அவர்கள் 10 சதவீதம் சொந்தப் பணம் போட வேண்டும். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம். அவர்களின் சொந்தப் பணம் 5 சதவீதம்.

அத்தை போட்ட கணக்குப்படி இரண்டு செக்கு, மோட்டார், கொட்டகை, முதல் கொள்முதலுக்கான கடலை, எள் எல்லாம் சேர்த்து 6 லட்சம். நோட்டுப் புத்தகத்தில் இப்படி எழுதிக் காட்டினேன்.

திட்ட மதிப்பு: 6,00,000 ரூபாய்
சொந்தப் பணம் 5 சதவீதம்: 30,000 ரூபாய்
வங்கி தரும் கடன்: 5,70,000 ரூபாய்
மானியம் 35 சதவீதம்: 2,10,000 ரூபாய்

இந்த 2,10,000 ரூபாய் அத்தை கையில் வராது. வங்கியிலேயே அத்தை பெயரில் மூன்று ஆண்டுகள் வைப்புத் தொகையாக இருக்கும். அதற்கு வட்டி கிடையாது. அதே அளவு கடனுக்கு வங்கியும் வட்டி போடாது. அதாவது 3,60,000 ரூபாய்க்குத்தான் வட்டி. மூன்று ஆண்டுகள் தொழில் ஒழுங்காக நடந்து, நேரில் வந்து பார்த்துச் சரி என்றால், அந்தத் தொகை கடனில் கழிக்கப்படும். தொழிலை நடுவில் மூடிவிட்டால் மானியத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது சரியா இருக்கு. யாராவது சும்மா பத்து லட்சம் குடுப்பாங்களா?" என்றார்.

பிடிஎப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

விதிமுறைப் பைல் பல பக்கம் இருக்கும். ஆங்கிலத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம். பைலைத் திறந்துகொண்டு, கீபோர்டில் கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி "எப்" கீயைத் தட்டுங்கள். ஒரு சிறிய தேடல் பெட்டி வரும். அதில் வேண்டிய சொல்லை டைப் செய்தால் அந்தச் சொல் உள்ள இடங்களுக்கெல்லாம் கொண்டுபோகும். நாங்கள் ஐந்து விஷயங்களைத் தேடினோம்.

முதலில் தேதி. பழைய விதிமுறை இன்னும் இன்டர்நெட்டில் கிடக்கும். இதே திட்டத்தில் 2022க்கு முன் உச்சவரம்பு 25 லட்சம், 10 லட்சம் என்றுதான் இருந்தது. மேலும் பெரும்பாலான திட்டங்களுக்கு ஆயுள் உண்டு. பிஎம்இஜிபிக்கு அப்போது அரசு தந்திருந்த ஒப்புதல் 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு. ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் திட்டம் நடப்பில் உள்ளதா, தொகைகள் மாறியுள்ளனவா என்று அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தகுதி. அத்தைக்குப் பெரிய பயம் இதில்தான். அவர் ஏழாவது வரைதான் படித்தவர். "எட்டாவது பாஸ்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மனதை விட்டிருந்தார். "எஜுகேஷன்" என்ற சொல்லைத் தேடிப் பார்த்தோம். உற்பத்தித் தொழிலில் 10 லட்சத்துக்கு மேலும், சேவைத் தொழிலில் 5 லட்சத்துக்கு மேலும் போனால்தான் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அத்தையின் திட்டம் 6 லட்சம். தடை இல்லை! அந்த வரியை மகன் படித்துக் காட்டியபோது அத்தை முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது, எதற்குக் கிடைக்காது என்ற பட்டியல். பீடி, சிகரெட், மது போன்றவற்றுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. நிலம் வாங்கும் செலவைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது.

நான்காவது, புதிய தொழிலா பழைய தொழிலா என்பது. இந்த முதல் கடன் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். வேறு அரசு மானியம் வாங்கிய தொழிலுக்குக் கிடைக்காது.

ஐந்தாவது, பிணை. வீட்டுப் பத்திரத்தை வைக்கச் சொல்வார்களோ என்று மாமா கவலைப்பட்டார். சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி.

பைலை ஒருமுறை டவுன்லோட் செய்து, தேதியோடு பெயர் வைத்து ஒரு போல்டரில் சேமித்துக்கொள்ளுங்கள். வங்கியில் யாராவது மாற்றிச் சொன்னால், அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் காட்டலாம்.

விண்ணப்பம் நிரப்பும்போது

இந்தத் திட்டத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. ஆதார் எண், எந்த அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கிறீர்கள், என்ன தொழில், கிராமமா நகரமா, செலவு விவரம், எந்த வங்கிக் கிளை ஆகியவற்றைக் கேட்கும். புகைப்படம், திட்ட அறிக்கை, கிராமப் பகுதிச் சான்று, சாதிச் சான்று போன்றவற்றை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும்.

சில யோசனைகள்:

* டெஸ்க்டாப்பில் "மானியம்" என்று ஒரு போல்டர் உருவாக்கி, எல்லா ஸ்கேன் பைல்களையும் அதிலேயே வையுங்கள். ஆதார், போட்டோ, அறிக்கை எனப் பெயர் மாற்றுங்கள். ஸ்கேனர் கொடுக்கும் நம்பர் பெயரோடு விட்டால் தவறான பைல் ஏறிவிடும்.

* எவ்வளவு கேபிக்குள் பைல் இருக்க வேண்டும் என்று படிவத்திலேயே இருக்கும். ஸ்கேன் செய்யும்போதே குறைந்த ரெசொல்யூஷனில் எடுத்தால் அளவு குறையும்.

* திட்ட அறிக்கை எழுத ஏஜென்ட் வேண்டாம். அதிகாரப்பூர்வத் தளத்தில் பல தொழில்களுக்கு மாதிரித் திட்ட அறிக்கைகள் உள்ளன. அதில் உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றுங்கள். இயந்திர விலைக்கு விற்பனையாளரிடம் கொட்டேஷன் வாங்கிக்கொள்ளுங்கள்.

* விண்ணப்ப எண், பாஸ்வேர்ட் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் நிலவரம் பார்க்க அவை வேண்டும்.

* ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். அரசு அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னாலும் சொல்லாதீர்கள்.

கம்ப்யூட்டர் எவ்வளவுதான் உதவினாலும் நேரில் போகாமல் முடியாது. எங்கள் விண்ணப்பம் இரண்டாவது வாரமே திரும்பி வந்தது. கிராமப் பகுதிச் சான்றில் ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்து ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தது. அத்தையே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், என்ன திருத்த வேண்டும் என்று கேட்டு வந்தார். புதிய சான்று வாங்கி மறுபடி ஏற்றினோம். போவதற்கு முன் விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனதால் பேச்சு சுலபமாக முடிந்தது.

மற்ற திட்டங்கள்

எல்லோருக்கும் ஒரே திட்டம் பொருந்தாது. தேட வசதியாகச் சில பெயர்களைத் தருகிறேன். உணவுப் பொருள் தயாரிப்பவர்களுக்கு, ஏற்கெனவே தொழில் நடத்துபவர்களுக்கும் சேர்த்து, 2020இல் பிஎம்எப்எம்இ திட்டம் தொடங்கப்பட்டது. அதில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் என்று கடனோடு சேர்ந்த மானியம் வைத்தார்கள்.

தமிழக அரசின் திட்டங்களில் வேலையில்லாத இளைஞர்களுக்கான யுஒய்இஜிபி, கொஞ்சம் பெரிய முதலீட்டுக்கான நீட்ஸ் ஆகியவை பழையவை. 2023-24இல் வந்த அண்ணல் அம்பேத்கர் திட்டம் தாழ்த்தப்பட்ட, பழங்குடியினத் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் என்று அறிவிக்கப்பட்டது. கைவினைத் தொழில் செய்பவர்களுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியத்தோடு கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. வயது, வருமானம், வரம்பு ஆகியவற்றை மேலே சொன்ன முறையில் தேடிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தொழில் நடத்துபவர்களுக்கு வேண்டிய உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் ஆன்லைனில் நடக்கிறது. அது முழுக்க இலவசம். இதற்கும் பணம் வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் வரிசையாக நிற்கும். முகவரியின் முடிவைப் பார்க்க மறக்க வேண்டாம்.

அறக்கட்டளை, சங்கம் நடத்துபவர்களுக்கு

எங்கள் ஊரில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகு ஒரு சிறு அறக்கட்டளை வைத்து மாலை நேர வகுப்பு நடத்துகிறார். நான் வந்திருப்பது தெரிந்து அவரும் வந்துவிட்டார். "எங்களுக்கும் ஏதாவது பாருப்பா, பெஞ்சு வாங்கணும்" என்றார்.

அமைப்புகளுக்குக் கதவு வேறு. முதலில் செய்ய வேண்டியது நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பன் தளத்தில் பதிவு. இலவசம். அமைப்பின் பான் எண்ணும் நிர்வாகிகளின் விவரமும் வேண்டும். பதிந்தால் ஒரு தனி எண் தருவார்கள். மத்திய அமைச்சகங்களின் நிதி உதவிக்கு விண்ணப்பிக்க அந்த எண் தேவைப்படும்.

அடுத்து கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிதான கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 5 கோடி ரூபாய் நிகர லாபம் அதற்கான அளவுகோல்களில் ஒன்று. இந்தப் பணத்தைப் பெற்றுப் பணி செய்ய விரும்பும் அமைப்புகள் 2021 ஏப்ரல் 1 முதல் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் மூலம் பதிந்திருக்க வேண்டும். வருமான வரித்துறையின் பதிவும் அதற்கு வேண்டும். ஒரு கம்பெனி எந்த மாவட்டத்தில், எந்த வேலைக்குச் செலவிடுகிறது என்பது பல நேரம் அதன் ஆண்டறிக்கையிலேயே இருக்கும். உங்கள் மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் கம்பெனியின் தளத்தில் ஆண்டறிக்கையை டவுன்லோட் செய்து, கன்ட்ரோல் எப் போட்டு உங்கள் மாவட்டப் பெயரைத் தேடுங்கள். யாரிடம் கேட்கலாம் என்ற தடம் கிடைக்கும்.

வாத்தியாருக்கு ஈமெயிலில் ஒரு கடிதம் வந்திருந்தது. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று 50,000 டாலர் ஒதுக்கியிருக்கிறதாம். பணத்தை அனுப்புவதற்கான செலவை மட்டும் கட்ட வேண்டுமாம். இதற்கு ஒரே பதில்தான். நம் நாட்டில் வெளிநாட்டு நன்கொடை வாங்க 2010ஆம் ஆண்டின் எப்சிஆர்ஏ சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு பெற அமைப்பு குறைந்தது மூன்று ஆண்டுகள் நடந்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் முதலில் பணம் வந்து சேர வேண்டிய கணக்கு ஸ்டேட் வங்கியின் புதுடில்லி முதன்மைக் கிளையில் இருக்க வேண்டும். இது எதுவும் இல்லாத ஒரு கிராமத்து அறக்கட்டளைக்கு ஒருவர் டாலர் அனுப்புகிறேன் என்றால் அது தூண்டில். அந்த மெயிலை வாத்தியார் கையாலேயே டெலிட் செய்ய வைத்தோம்.

ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால், அது அடுத்தவர் கைக்குப் போகும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பணம் அனுப்பிய ரசீது, போன் நம்பர், வந்த கடிதம் எதையும் அழிக்காதீர்கள். அவையே சாட்சி. வங்கிக்கும் தெரிவியுங்கள்.

அத்தையின் 1,200 ரூபாய்க்கும் புகார் கொடுத்தோம். இரண்டு வாரம் தாமதமாகிவிட்டதால் அது திரும்பவில்லை. ஆனால் 4,800 ரூபாய் போகவில்லை.

இப்போது அத்தை

2025 தை மாதம் வங்கி ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன் மேலாளர் வீட்டுக்கே வந்து, கொட்டகை போடும் இடத்தைப் பார்த்து, "இந்த ஊரில் மாதம் எத்தனை லிட்டர் விற்பீர்கள்?" என்று அத்தையைக் கேட்டாராம். அத்தை பல வருடமாக எழுதி வைத்திருந்த எண்ணெய்க் கணக்கு நோட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லையாம். தொழில்முனைவோர் பயிற்சியை மகனின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஆன்லைனிலேயே முடித்தார். பங்குனியில் செக்கு ஓடத் தொடங்கியது.

மானியம் வங்கியிலேயே தூங்கிக்கொண்டிருக்கிறது. மூன்று வருடம் முடிய வேண்டும். மாதாமாதம் தவணையைத் தேதி தவறாமல் கட்டி, அந்தக் கணக்கை இப்போது எக்செல்லில் அத்தையே டைப் செய்கிறார். ஒரு விரலால்தான் டைப் செய்கிறார். தப்பில்லாமல் செய்கிறார்.

உங்கள் வீட்டிலும் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருக்கலாம். உங்கள் தெருவில் இப்படி ஒரு அத்தை இருக்கலாம். அவர் போன் நம்பரை எங்கேயாவது நிரப்புவதற்கு முன், ஒரு அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்து, முகவரியைக் கடைசியிலிருந்து படிக்கச் சொல்லிக்கொடுங்கள்.